பணம் வரும், எப்போது வரும்?

பிள்ளையைக் காலேஜில் சேர்க்கக் காசில்லை என்று ஆரணியில் எங்கள் தெரு டீக்கடையில் யாராவது புலம்பினால், பக்கத்தில் இருப்பவர் பேப்பரை மடித்துக்கொண்டே "அதான் கவர்மென்ட் குடுக்குதேப்பா" என்பார். குடுக்கிறது, பொய்யில்லை. அந்தக் காசில் படித்தவன் நான். என் அக்கா மகள் இப்போது அதில் படித்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அது எந்த மாதம் கைக்கு வருகிறது என்று டீக்கடையில் யாரும் கேட்பதில்லை. கல்லூரி ஆகஸ்டில் கேட்கிறது. அரசு தன் சரிபார்ப்பெல்லாம் முடித்துவிட்டுத் தருகிறது. நடுவில் ஓடும் மாதங்களுக்கு யாரோ ஒருவர் வட்டி கட்டுகிறார். அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

நான் பிளஸ் டூ முடித்தது 2010-ல். முதல் பட்டதாரிகளுக்கான கல்விக் கட்டணச் சலுகையைக் கருணாநிதி அரசு கொண்டுவந்ததும் அதே கல்வியாண்டில்தான். அதுவரை வந்த உதவிகளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. சாதி கேட்கவில்லை, வருமானம் கேட்கவில்லை. வீட்டில் இதற்கு முன் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, கவுன்சலிங் வழியாகத் தொழிற்கல்வியில் இடம் கிடைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தனியார் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு அப்போது ஆண்டுக் கட்டணம் 32,500 ரூபாய். அதில் 20,000 ரூபாயை அரசு ஏற்றுக்கொண்டது. மீதி 12,500. அப்பா ஒரு பட்டுப்புடவைக்கு வாங்கும் கூலியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்து, "சமாளிச்சிடலாம்டா" என்றார்.

புதுத் திட்டம் என்பதால் சான்றிதழுக்கான படிவம் எப்படி இருக்க வேண்டும் என்று தாலுகா ஆபீசிலேயே ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆனால் எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரரிடம் படிவம் இருந்தது. எல்லாக் காலத்திலும் அரசாங்கம் முதலில் ஜெராக்ஸ் கடைக்குத்தான் வருகிறது. வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) கையெழுத்து, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) கையெழுத்து, அப்புறம் வட்டாட்சியர் முத்திரை. நானும் அப்பாவும் சேர்ந்து, எங்கள் குடும்பத்தில் எவரும் பட்டதாரி இல்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தோம். அம்மா, அப்பா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவர்கள், எல்லோரும் அந்தக் கணக்கில் வருவார்கள். அப்பாவின் அப்பா பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். அவர் பட்டதாரி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கப்பன் பேரு கவர்மென்ட் பேப்பர்ல வந்ததே இதுக்குத்தான்" என்றார்.

கவுன்சலிங் அப்போது கிண்டியில், அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில் நடந்தது. 2018-லிருந்துதான் எல்லாம் ஆன்லைன். அந்த அனுபவத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே வேண்டாம். காஞ்சிபுரம் பக்கம் ஒரு கல்லூரி கிடைத்தது. கட்டணத்தில் 20,000 ரூபாயைக் கழித்துக்கொண்டுதான் கேட்டார்கள். எங்கள் கைக்கு அந்தப் பணம் வரவே இல்லை, வரவேண்டிய தேவையும் இல்லை. கல்லூரிக்கும் அரசுக்கும் இடையில் அது எப்போது போய்ச் சேர்ந்தது என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் கல்விக் கடன் வாங்கினேன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை, நம் பங்காகக் கைக்காசு எதுவும் போட வேண்டியதில்லை. விதி அப்படி. கிளை மேலாளர் முதலில் கேட்டது, எங்கள் தெரு எந்தக் கிளையின் சர்வீஸ் ஏரியா என்பது. இரண்டாவதாகக் கேட்டது, அப்பா பெயரில் எல்.ஐ.சி. பாலிசி இருக்கிறதா என்பது. மூன்றாவதாக வருமானச் சான்றைப் பார்த்துவிட்டு, "இந்த வருமானத்துல எப்படித் தம்பி திருப்பிக் கட்டுவீங்க?" என்றார்.

வருமானச் சான்று பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் பெரும்பாலானோருக்கு ஆண்டு வருமானம் 72,000 ரூபாய். தறி இரண்டு வைத்திருப்பவருக்கும் 72,000, கூலிக்கு நெய்பவருக்கும் 72,000. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு அதுதான் உச்சவரம்பாக இருந்தது (பிறகு 1,20,000 ஆக்கினார்கள்). ஒருமுறை அந்த எண்ணில் சான்று வாங்கிவிட்டால் அடுத்த முறையும் அதையே எழுதிவிடுவார்கள். நெசவாளிக்கு உண்மையில் வருட வருமானம் எவ்வளவு என்று அவருக்கே தெரியாது என்பது வேறு விஷயம். ஆடியில் ஒன்று, கல்யாண சீசனில் ஒன்று. ஆக உதவித்தொகைக்குப் போனால் "இவ்வளவு வருமானமா?" என்று சந்தேகப்படுகிறார்கள். அதே தாளை வங்கியில் நீட்டினால் "இவ்வளவுதானா?" என்கிறார்கள். கல்விக் கடனில் பார்க்க வேண்டியது மாணவன் நாளைக்குச் சம்பாதிக்கப்போவதை. அப்பா இன்றைக்குச் சம்பாதிப்பதை அல்ல. திட்டத்தின் அடிப்படையே அதுதான். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு அது அவ்வளவு சுலபமாக மனதில் இறங்குவதில்லை.

கடைசியில் கடன் கிடைத்தது. கொடுத்த மேலாளர், முன்னவர் மாற்றலாகிப் போனபின் வந்த ஒரு பெண்மணி. அவர் சொன்ன ஒரு யோசனைக்கு நான் இன்னும் நன்றி சொல்கிறேன். 4.5 லட்சத்துக்குக் கீழ் ஆண்டு வருமானம் உள்ள குடும்பங்களுக்குப் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்தே இருக்கிறது. "நாங்க கிளெய்ம் பண்ணினாத்தான் வரும். வருஷா வருஷம் வந்து, பண்ணிட்டீங்களான்னு கேளு. கேக்கலைன்னா விட்டுடுவாங்க" என்றார். கேட்டேன், வந்தது. என் ரூம்மேட்டுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. படிப்பு முடிந்து தவணை தொடங்கும்போது அவன் அசலின் மேல் நாலு வருட வட்டி ஏறி உட்கார்ந்திருந்தது.

சரி, என் கதை இவ்வளவுதான். இனி அக்கா மகள் கதை, அது இதைவிடச் சிக்கலானது.

அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். பிளஸ் டூவில் என்னைவிட நல்ல மார்க். கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, சின்னவனைப் பள்ளியில் சேர்த்த பிறகு, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. தமிழ் சேரலாம் என்று விண்ணப்பம் வாங்கி வந்தாள். அதைப் பார்த்த பக்கத்து வீட்டு டீச்சர், "நீ டிகிரி முடிச்சிட்டா உன் பொண்ணுக்கு முதல் பட்டதாரி கிடைக்காதே, யோசிச்சுக்கோ" என்றார். டீச்சர் சொன்னதில் தவறே இல்லை. விதி அப்படித்தான். அக்கா விண்ணப்பத்தை டிரங்குப் பெட்டியில் போட்டாள்.

முதல் பட்டதாரி சலுகையை நான் எங்கே போனாலும் பாராட்டிப் பேசுகிறவன். ஆனால் இந்த ஓட்டையைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. நாற்பது வயதில் தபால் வழியில் ஒரு பட்டம் வாங்கினால் அந்தக் குடும்பத்தின் நிலை மாறிவிடுமா? வேலை கிடைக்குமா? எதுவும் இல்லை. ஆனால் பிள்ளைக்கு, 20,000 போய் இப்போது சலுகை 25,000 என்பதால், ஆண்டுக்கு 25,000 வீதம் நாலு வருடத்துக்கு ஒரு லட்சம் போய்விடும். ஒரு லட்சமா அம்மாவின் பி.ஏ.வா என்று கேட்டால் எங்கள் தெருவில் எந்த அம்மாவும் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டாள். கல்யாணமாகிப் போன அக்கா அஞ்சல் வழியில் பட்டம் முடித்ததால் தம்பிக்குச் சலுகை போன வீடுகளும் உண்டு. பிள்ளை கல்லூரிப் பருவத்தை எட்டும்போது பெற்றோர் தொலைநிலைக் கல்வியில் வாங்கிய பட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் அரசுக்கு என்ன நஷ்டம் வந்துவிடும்? எனக்குப் புரியவில்லை.

தாய்மாமன் பட்டதாரியா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்த வகையில் நான் தப்பித்தேன். காது குத்துக்கு மடியில் உட்கார வைக்க மாமன் வேண்டும், வட்டாட்சியர் அலுவலகக் கணக்கில் மாமன் குடும்பமே இல்லை.

அக்கா மகள் 2024-ல் பிளஸ் டூ முடித்தாள். இப்போது தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியதில்லை, இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். அதற்கு முதலில் கேன் நம்பர் என்ற பதிவு எண் எடுக்க வேண்டும், அதற்கு ஓ.டி.பி. வரும். அது போக வேண்டிய கைபேசி எண், மாமா (அக்காவின் கணவர்) எப்போதோ தூக்கிப் போட்ட சிம். எண்ணை மாற்றிய பிறகு விண்ணப்பம் வி.ஏ.ஓ.விடம் போய், ஆர்.ஐ.யிடம் போய், மண்டலத் துணை வட்டாட்சியரிடம் போய்ச் சான்றிதழாக வந்தது. கையில் பேனாவுடன் அலைந்த என் காலத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை. குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. 6-ம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் 2021-லும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாமே அரசுடையது. வீட்டிலிருந்து பைசா எடுத்துவைக்க வேண்டாம். பெண்பிள்ளைகளுக்கு இதே நிபந்தனையில் 'புதுமைப் பெண்' மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு திருமண உதவியும் தாலிக்குத் தங்கமும் கொடுத்தார்கள் அல்லவா, அதைத்தான் படிப்புக்கான உதவியாக மாற்றினார்கள். சமீப காலத்தில் இந்த மாநிலத்தில் எடுக்கப்பட்ட உருப்படியான முடிவுகளில் அது ஒன்று என்று நினைக்கிறேன்.

அக்கா மகள் 8-ம் வகுப்பு வரை மெட்ரிகுலேஷன் பள்ளியில் படித்தாள். அக்காவும் மாமாவும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் அந்த ஃபீஸைக் கட்டினார்கள். 2020-ல் கொரோனா வந்து தறி நின்றது. கல்யாணம் இல்லை, முகூர்த்தப் பட்டு வாங்க ஆள் இல்லை. அந்த வருடம்தான் இரண்டு பிள்ளைகளையும் அரசுப் பள்ளிக்கு மாற்றினார்கள். பெரியவள் 9-ம் வகுப்பு, சின்னவன் 6-ம் வகுப்பு. ஆக அவளுக்கு அரசுப் பள்ளிக் கணக்கு 9-லிருந்து 12 வரைதான். 7.5 இல்லை, புதுமைப் பெண்ணும் இல்லை.

அவளோடு அதே மெட்ரிகுலேஷனில் படித்து, அதே வருடம் அரசுப் பள்ளிக்கு வந்த தோழி ஒருத்திக்கு இரண்டும் கிடைத்தது. அவள் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் சேர்ந்தவள். அப்படிப் படித்துவிட்டு 9 முதல் அரசுப் பள்ளியில் படித்தால் செல்லும் என்று விதி இருக்கிறது. நியாயமான விதிதான். ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு நெசவாளி வீட்டுப் பெண்களில், கஷ்டப்பட்டு ஃபீஸ் கட்டிய வீட்டுப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று ஆனபோது மாமாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "கட்டினதுக்குத் தண்டனையா மச்சான்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகவேண்டும், கோட்டுக்கு ஒரு சாண் அந்தப் பக்கம் நிற்பவருக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

மாமாவின் யோசனை, செய்யாறு அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்க்கலாம் என்பது. பஸ் பாஸ் இலவசம், கட்டணம் கையடக்கம். சொல்லப்போனால் மிக நல்ல யோசனை. அவள்தான் இன்ஜினியரிங், அதிலும் இ.சி.இ. (மின்னணுவியல், தொடர்பியல்) வேண்டும் என்று உறுதியாக நின்றாள். கவுன்சலிங்கில் ஒரு தனியார் கல்லூரி கிடைத்தது. அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டணம் 50,000. முதல் பட்டதாரிக்கு 25,000 கழிவு. ஆக 25,000 கட்டினால் போதும் என்று மாமாவும் அக்காவும் மஞ்சள் பையில் அந்தப் பணத்தோடு போனார்கள்.

கல்லூரி முழு 50,000 கேட்டது. "அரசுகிட்ட இருந்து வந்ததும் திருப்பித் தர்றோம், எல்லாருக்கும் அப்படித்தான்." அதோடு கல்லூரிப் பேருந்துக்கு ஒரு தொகை, சீருடைக்கும் புத்தகத்துக்கும் ஒரு தொகை, இன்னதென்று பெயர் சொல்லாத ஒரு தொகை. கழிக்கத்தானே சலுகை என்று நான் போனில் பேசிப் பார்த்தேன். மிக மரியாதையாகப் பேசினார்கள், ரசீதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. சண்டை போட்டால் பிள்ளைக்குப் பிரச்சினை என்று அக்கா பயந்தாள். மூன்று நாளில் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்ற பயம் வேறு. நகை ஏற்கெனவே கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தது. நானும் அந்த மாதம்தான் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். மாமா 25,000 ரூபாயை மூணு வட்டிக்கு வாங்கினார்.

மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். 25,000-க்கு மாதம் 750. கல்லூரி அந்தப் பணத்தை மறு ஆண்டு மே மாதம்தான் சரிசெய்தது. அதுவும் கையில் தரவில்லை, இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தில் கழித்துக்கொண்டது. ஒன்பது மாத வட்டி 6,750 ரூபாய். அரசின் கணக்கில் இந்த மாணவிக்கு 25,000 கொடுத்தாகிவிட்டது. வீட்டுக் கணக்கில் கிடைத்தது 18,250. அசலும் அப்படியே நின்றது, அதை அடைக்க மாமா புடவை முதலாளியிடம் முன்பணம் வாங்கினார். முன்பணம் வாங்கினால் கூலியைப் பேரம் பேச முடியாது. அந்த நஷ்டத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இதற்கு நடுவில் பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) உதவித்தொகை. பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அரசின் மாணவர் பதிவுத் தளத்தில் பள்ளியில் எமிஸ் எண் என்றால் கல்லூரியில் யூமிஸ் எண். அந்தத் தளத்தில் போய் விவரங்களை ஏற்ற வேண்டும், கல்லூரி சரிபார்க்க வேண்டும், பணம் நேராக மாணவியின் வங்கிக் கணக்குக்கு வரும். ஏற்றினாள். சரிபார்த்தார்கள். தை போனது, மாசி போனது, பணம் வரவில்லை. கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவைப் பார்க்கும் கிளார்க் அக்கா (கல்லூரியில் எல்லாப் பிள்ளைகளும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) திரையைத் திருப்பிக் காட்டி, "உனக்கு சக்சஸ்னு காட்டுதேம்மா, பணம் போயிடுச்சு" என்றார். பாஸ்புக்கில் இல்லை.

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்து வைப்பது ஒன்று. அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்தின் பட்டியலில் பதிவாவது இன்னொன்று. ஒருவருக்கு நாலு வங்கியில் கணக்கு இருக்கலாம், நாலிலும் ஆதார் கொடுத்திருக்கலாம். பட்டியலில் நிற்பது ஒரு வங்கிதான். நேரடிப் பணம் அங்கேதான் விழும். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்து அது வருவதில்லை. அக்கா மகளுக்குப் பத்தாம் வகுப்பில் படிக்கும்போது பள்ளியில் முகாம் போட்டு ஒரு கணக்கு திறந்திருந்தார்கள். அவளே மறந்துபோன கணக்கு. பாஸ்புக் இல்லை, கார்டு வீட்டில் எங்கேயோ. பணம் சமர்த்தாக அங்கே போய் உட்கார்ந்திருந்தது. ஆதார் தளத்திலேயே எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். விண்ணப்பிப்பதற்கு முன்பு அதைப் பார்த்துவிடுங்கள். பெயரில் இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதையும் மதிப்பெண் பட்டியல், ஆதார், பாஸ்புக் மூன்றிலும் ஒப்பிட்டுவிடுங்கள். ஒரு புள்ளிக்காக ஆறு மாதம் நின்ற விண்ணப்பங்கள் உண்டு.

கிளார்க் அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உதவித்தொகைத் திட்டங்கள் எல்லாம் கோட்டையில் அறிவிக்கப்பட்டாலும் நடைமுறையில் இவரைப் போன்ற ஒருவரின் மேஜையில்தான் அவை உயிரோடு இருக்கின்றன. எந்தப் பெண்ணுக்கு வருமானச் சான்று காலாவதியாகிறது, யாருக்குக் கைரேகை விழவில்லை என்று அவருக்கு மனப்பாடம். இவர் லீவு போட்டால் அந்த வாரம் அந்தக் கல்லூரியில் சமூகநீதி கொஞ்சம் தள்ளிப்போகும்.

என் வகுப்பில் ஒரு நண்பன், ஆதிதிராவிடர் காலனியிலிருந்து வந்தவன். அவனுக்கு உரிமைப்படி கட்டணம் முழுவதும் அரசுடையது. ஆனால் முதல் இரண்டு வருடமும் செமஸ்டர் வரும்போதெல்லாம் ஹால் டிக்கெட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, "உங்க பணம் இன்னும் வரலை" என்பார்கள். அரசு தர வேண்டிய பாக்கிக்கு அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தனியார் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012 செப்டம்பரில் அரசாணை 92 வந்தது. அதை அவன் பிரிண்ட் எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். கேட்டவர்களிடமெல்லாம் நீட்டினான். ஆதிதிராவிட மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகைத் திட்டத்தில் மத்திய, மாநிலப் பங்கு 60-க்கு 40 என்று 2020 டிசம்பரில்தான் தெளிவாகப் பிரித்தார்கள். மத்தியப் பங்கு இப்போது மாணவரின் கணக்குக்கே வருகிறது, அதை எடுத்துக் கல்லூரியில் கட்ட வேண்டும். இடைத்தரகும் போலிப் பெயரும் ஒழியும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இருக்கலாம். ஆனால் வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு நிற்கும்போது கணக்கில் 40,000 ரூபாய் விழுந்தால், அதை அப்படியே எடுத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோகிற வைராக்கியத்தைப் பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கிறோம்.

இதையெல்லாம் பார்த்த பிறகு எனக்கு ஒரு கருத்து உறுதியாகியிருக்கிறது. கட்டணம் என்பது மாணவரின் கைக்கும் வரக் கூடாது, கையிலிருந்தும் போகக் கூடாது. 2010-ல் எனக்குக் கழித்தார்களே, அதுபோல ரசீதிலேயே கழிந்துவிட வேண்டும். அரசு கல்லூரிக்கு எப்போது கொடுக்கிறது என்பது அவர்கள் இருவருக்கும் உள்ள விவகாரம். ஒன்பது மாதம் தாங்கும் சக்தி ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிக்கு இருக்கிறது, இரண்டு தறி வீட்டுக்கு இல்லை. மாதாமாதம் செலவுக்கான காசு மட்டும் மாணவியின் கையிலேயே வர வேண்டும். புதுமைப் பெண்ணின் 1,000 ரூபாய் சின்னத் தொகைதான். ஆனால் அந்தத் தோழி சொல்கிறாள், பஸ்ஸுக்கும் நாப்கினுக்கும் அப்பாவிடம் கேட்க வேண்டியதில்லை என்று. அவள் பெயரில் கார்டு, அவள் பெயரில் கணக்கு, அதை அவள் வைத்திருக்கும் தோரணையே தனி. நம் ஊரில் சில திட்டங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. கட்டணத்தை வீட்டார் முன்கூட்டிக் கட்ட வேண்டும், பிறகு எப்போதாவது மொத்தமாக ஒரு தொகை வரும்.

இரண்டாம் ஆண்டுக்குக் கல்விக் கடன் பார்க்கலாமா என்று யோசித்தோம். 2024 நவம்பரில் மத்திய அரசு பி.எம். வித்யாலட்சுமி என்று ஒன்றை அறிவித்தது. பிணையில்லாக் கடன், 8 லட்சம் வரை ஆண்டு வருமானம் உள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தரவரிசையில் மேலே இருக்கும் கல்வி நிறுவனங்களில் (அறிவித்தபோது சுமார் 860) படிப்பவர்களுக்குத்தான் அது. இவள் கல்லூரி அந்தப் பட்டியலின் பக்கத்தில்கூட இல்லை. பழைய மாதிரித் திட்டத்தில் வாங்கலாம், 4 லட்சத்துக்குள் என்றால் இன்னும் பிணை கேட்கக் கூடாது. மாமாவுக்குக் கடன் என்ற சொல்லே இப்போது ஆகவில்லை. நான் பேருந்துக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சின்னவன் கதை இதற்கு நேர் எதிர். 2020-ல் மாறியபோது அவன் 6-ம் வகுப்பு. அதனால் அவனுக்கு 7.5 உண்டு. 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. அவனுடைய அக்காள் எடுத்துக்கொண்டதால் முதல் பட்டதாரி மட்டும்தான் இல்லை, 7.5-ல் போனால் அது தேவையும் இல்லை. முழு இலவசமாக இன்ஜினியரிங் படிக்கலாம் என்று மாமா கனவு கண்டுகொண்டிருந்தார். போன ஜூனில் பிளஸ் ஒன் சேரும்போது அவன் காமர்ஸ் குரூப் எடுத்துவிட்டான். கணக்கு வராது, பி.காம். படித்துவிட்டு ஜி.எஸ்.டி. ஆபீஸ் வைக்கப் போகிறேன் என்கிறான். சட்டமும் 7.5-ல் வருகிறதுடா, காமர்ஸ் படித்தவனும் சேரலாம் என்று சொல்லிவைத்தேன். "அஞ்சு வருஷமா மாமா?" என்று கேட்டான். அக்கா டிரங்குப் பெட்டியில் அவனுடைய 6-ம் வகுப்புச் சேர்க்கை ரசீதைத் தேடி எடுத்துத் தனியாக ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறாள்.